வழிப்போக்கரும் சத்திரக்காரரும்

(பங்கின் பொன்விழாப் பொதுக்கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா என்றால் கொடி ஏறும்; தேர் வரும்; விருந்து நடக்கும்; மலர் வெளிவரும். எல்லாம் நல்லவையே. ஆனால் ஐம்பது ஆண்டுகளாக வாங்கியே பழகிய நாம், இந்த ஆண்டிலாவது கொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டாமா என்று பங்குப்பேரவையில் ஒரு கேள்வி எழுந்தது. அதிலிருந்து ஒரு யோசனையும் பிறந்தது. நம் பங்கில் பிறந்து செவிலியர் படிப்பு முடித்த பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். மருத்துவம் படித்தவர்களும் உண்டு. அவர்களில் ஒரு சிலர் தங்கள் விடுமுறையில் இரண்டு வாரம் ஆப்பிரிக்க நாடொன்றிற்குச் சென்று, அங்கே அருட்சகோதரிகள் நடத்தும் ஒரு சிறு மருத்துவமனையில் சம்பளமின்றிப் பணிபுரிவது என்பதே அந்த யோசனை. பயணச் செலவைப் பங்கு ஏற்க வேண்டும்.

இதைக் கேட்டவுடன் சிலர் மகிழ்ந்தார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். "தனக்கு மிஞ்சித்தானே தானமும் தருமமும்? நம் குப்பத்திலேயே மருந்து வாங்க வழியில்லாதவர் இருக்க, கடல் கடந்து போவானேன்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "இரண்டு வாரத்தில் என்ன செய்துவிட முடியும்?" என்று ஓர் இளைஞர் கேட்டார். இரண்டுமே நல்ல கேள்விகள். கோபித்துக்கொள்ளாமல் பதில் தேட வேண்டிய கேள்விகள். இன்றைய உரை அவற்றைப் பற்றியதே.

நல்ல சமாரியரின் உவமையை நாம் அறிவோம். லூக்கா எழுதிய நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இந்த உவமையில் நாம் வழக்கமாக மூன்று பேரைப் பார்க்கிறோம். விலகிப் போன குருவையும் லேவியரையும் பார்க்கிறோம். மனமிரங்கிய சமாரியரைப் பார்க்கிறோம். நான்காவதாக ஒருவர் இருக்கிறாரே, அவரை எத்தனை பேர் கவனிக்கிறோம்? அவர்தான் சத்திரக்காரர்.

சமாரியர் வழிப்போக்கர். காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினார். தம் வாகனத்தில் ஏற்றினார். ஓர் இரவு உடனிருந்தார். மறுநாள் அவர் போக வேண்டியிருந்தது, போனார். ஆண்டவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் போவதற்கு முன் மூன்று காரியம் செய்தார் அந்த மனிதர். காயப்பட்டவரை அங்கேயே இருப்பவரிடம் ஒப்படைத்தார். அதற்கான செலவைத் தம் கையிலிருந்து கொடுத்தார். திரும்பி வந்து கணக்குத் தீர்ப்பதாக வாக்களித்தார். இந்த மூன்றும் இல்லாதிருந்தால், அன்றிரவு கட்டிய கட்டு மறுநாளே அவிழ்ந்திருக்கும்.

சில நாள் மருத்துவப் பணிக்குப் போகிறவர்கள் எல்லாரும் வழிப்போக்கர்களே. அவர்கள் போவது சரியா, தவறா என்பதல்ல கேள்வி. அவர்கள் ஒரு சத்திரக்காரரைத் தேடிக்கொண்டு போகிறார்களா என்பதே கேள்வி. இதை வேறெங்கும் போய்ப் படிக்க வேண்டியதில்லை. நம் செங்கல்பட்டு மண்ணே சொல்லித் தருகிறது.

செங்கல்பட்டு அருகே திருமணியில் ஒரு பெரிய தொழுநோய் மருத்துவமனை இருப்பது உங்களுக்குத் தெரியும். இன்று அது மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையம். அது தொடங்கப்பட்டது 1924ல். ஸ்காட்லாந்து நாட்டுச் சபையின் மிஷன் மருத்துவப் பணியாக, லேடி வெலிங்டன் பெயரால் அது எழுந்தது. 1955ல் இந்திய அரசு அதை ஏற்றுக்கொண்டது. அந்தக் காலத்தில் தொழுநோய் என்றால் ஊர் ஒதுக்கும்; உறவு ஒதுக்கும்; பெற்ற தாயும் தட்டைத் தனியே வைப்பாள். நம்முடைய பிரிந்த சகோதரர்கள்தான் அந்த நோயாளிகளுக்கு இங்கே இடம் கொடுத்தார்கள். அதை நன்றியோடு சொல்ல நாம் தயங்கக்கூடாது.

1930களிலும் 1940களிலும் அங்கே தலைமை ஏற்றிருந்தவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். தொழுநோயை வெல்லக்கூடிய சல்போன் மருந்துகள் 1940களில் வந்தபோது, இந்தியாவில் அவற்றை முதலில் கையாண்டவர்களில் அவரும் ஒருவர். பிறகு அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் முதல்வரானார். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, லண்டனில் அறுவை மருத்துவம் கற்ற இளைஞர் பால் பிராண்ட், அவருடைய அழைப்பின் பேரில் 1946ல் வேலூருக்கு வந்தார். 1947ல் ஒருநாள், செங்கல்பட்டிலுள்ள தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்க வந்தார்.

அன்று நடந்தது மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. விரல்கள் மடங்கிக் கொக்கி போலாகிவிட்ட ஒரு நோயாளியின் கையை பிராண்ட் பிடித்துப் பார்த்தார். தம் கையை அழுத்தும்படி அவரிடம் சொன்னார். அந்த மனிதர் அழுத்தியபோது பிராண்டுக்கு வலி பொறுக்க முடியவில்லை! செத்துப்போனதென்று எல்லாரும் நினைத்த கையில் அவ்வளவு பலம். அப்படியானால் எல்லாத் தசைகளும் செயலிழக்கவில்லை. நல்ல தசையின் நாணை எடுத்து மாற்றிக் கட்டினால் விரல் மறுபடி நிமிரும் என்று அவருக்கு எண்ணம் ஓடியது. எலும்பு, மூட்டு மருத்துவர் எவராவது இந்தக் கைகளை ஆராய்ந்ததுண்டா என்று காக்ரேனிடம் கேட்டார். எவருமில்லை என்று தெரிந்தது.

அடுத்த ஆண்டுகளில் வேலூரில் அந்த அறுவை சிகிச்சை உருவாயிற்று. மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. இன்னொரு பெரிய உண்மையும் தெளிவாயிற்று. தொழுநோயாளியின் விரலும் பாதமும் தாமாக அழுகி விழுவதில்லை. உணர்ச்சி நரம்பு கெட்டுவிடுவதால் சுடுவதும் குத்துவதும் தெரியாமல் போகிறது. அந்தக் காயங்களே உறுப்பைத் தின்கின்றன. ஆகவே ஒரு நல்ல செருப்பும் தினசரி கவனமும் காலைக் காப்பாற்றும். வலி என்பதே இறைவன் தந்த காவல்காரன் என்று பிராண்ட் பிற்காலத்தில் வற்புறுத்தி வந்தார். அவர் 1960களின் நடுப்பகுதி வரை நம் நாட்டில் பணியாற்றினார்.

இதில் நாம் பார்க்க வேண்டியது என்ன? பிராண்ட் செங்கல்பட்டுக்கு வந்தது ஒருநாள் வருகை. ஆனால் அந்த ஒருநாள் பலன் தந்ததற்குக் காரணம், அதற்கு முன் 20 ஆண்டுகளுக்கு மேல் அங்கே மற்றவர்கள் தங்கியிருந்தார்கள். நோயாளிகள் நம்பிக்கையோடு இருந்தார்கள். அன்னியர் ஒருவர் கையை நீட்டியபோது, கையை ஒளித்துக்கொள்ளாமல் நீட்டினார் அந்த நோயாளி. சத்திரம் இருந்தது, ஆகவே வழிப்போக்கரின் ஒரு பகல் வீணாகவில்லை.

பாலாற்றுக்குத் தெற்கே, மதுராந்தகத்திற்கு அப்பால் போளம்பாக்கம் இருக்கிறது. அங்கே நடந்த பணி நம் கத்தோலிக்க சமூகத்தின் பெருமை. பெல்ஜியம் நாட்டு டாக்டர் ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ் 1955ல் அங்கே தொழுநோய்ப் பணி மையத்தைத் தொடங்கினார். அவருடன் இளம் மருத்துவரான கிளேர் வெல்லூட் அம்மையாரும் வந்து சேர்ந்தார். அவர்களுக்கு முன்னோடி, அதே பெல்ஜியம் நாட்டவரான புனித தமியான். மொலக்காய் தீவில் தொழுநோயாளரோடு வாழ்ந்து, அந்த நோய் தம்மையும் பற்றி, 1889ல் உயிர்நீத்தவர். 2009ல் புனிதர் பட்டம் பெற்றவர். அவர் அந்தத் தீவில் இறங்கிய அதே 1873ஆம் ஆண்டில்தான் நார்வே நாட்டில் ஹான்சன் என்ற மருத்துவர் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். இது சாபமல்ல, கிருமியால் வரும் நோய் என்பது விஞ்ஞானத்தால் தெளிந்தது. இவர்களும் தொடக்கூடியவர்களே, மனிதர்களே என்பது தமியானால் தெளிந்தது.

ஹெமரிக்ஸ் போளம்பாக்கத்தில் மதில் எழுப்பி நோயாளிகளை உள்ளே வைக்கவில்லை. வாரத்தில் குறித்த நாளில், குறித்த நேரத்தில், மருந்து வண்டி சாலை வழியே வரும். ஊருக்கு அருகே ஒரு மரத்தடியில் நிற்கும். நோயாளிகள் வீட்டிலிருந்து நடந்து வந்து, மாத்திரை வாங்கிக்கொண்டு, வயலுக்கு வேலைக்குத் திரும்பிப் போவார்கள். மனைவி மக்களைப் பிரிய வேண்டியதில்லை. பிழைப்பை விட வேண்டியதில்லை. உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பி, தேமல் யாருக்கு இருக்கிறது, உணர்ச்சி எங்கே குறைகிறது என்று பார்க்கச் செய்தார்கள். மரத்தடி மருத்துவம் என்று உலகமே அதைப் பேசியது.

சில ஆண்டுகளுக்குப் பின் ஹெமரிக்ஸ் பொறுப்பை வெல்லூட் அம்மையாரிடம் ஒப்படைத்துச் சென்றார். அம்மையாரோ இந்த நாட்டிலேயே தங்கி, பின்னர் இந்தியக் குடியுரிமையும் பெற்றார். போளம்பாக்கம் மையம் காலப்போக்கில் அரசின் கைக்குச் சென்றது. ஒருவர் தொடங்கினார், ஒருவர் தங்கினார், இறுதியில் இந்த மண்ணின் மக்களே ஏற்றுக்கொண்டார்கள். இதுவல்லவா மறைபணியின் ஒழுங்கு!

இங்கே ஒரு செய்தியை நாம் மனதில் பதிக்க வேண்டும். ஹெமரிக்ஸ் நம்மிடம் வருவதற்கு முன் நீண்டகாலம் பணிபுரிந்த இடம் ஆப்பிரிக்காவின் காங்கோ. தொழுநோயாளியை அணுகவும் தொடவும் குணமாக்கவும் அவர் கற்றுக்கொண்டது காங்கோ நாட்டு ஏழைகளின் நடுவில். அந்த ஆப்பிரிக்க நோயாளிகளின் உடலிலும் துன்பத்திலும் கற்ற பாடம்தான் செங்கல்பட்டு நோயாளிக்கு மாத்திரையாக வந்தது. ஆப்பிரிக்காவிற்கு நாம் எதற்காகப் போக வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு இது ஒரு பதில். அது தானமல்ல, கடன்.

இன்னொரு முன்மாதிரியும் சொல்வோம். ஆஸ்திரேலியாவிலிருந்து 1920ல் வந்த டாக்டர் மேரி குளோரி, குண்டூரில் கன்னியர் சபையில் சேர்ந்து எண்ணற்ற ஏழைப் பெண்களுக்கு மருத்துவம் பார்த்தார். ஆனால் தாம் ஒருவரே பார்த்தால் போதாது என்று உணர்ந்து, 1943ல் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்திற்கு வித்திட்டார். இன்று நம் நாட்டின் மூலை முடுக்குகளில் கன்னியர் நடத்தும் மருந்தகங்கள் பல அந்தக் குடையின் கீழ் இருக்கின்றன. ஒரு கை எத்தனை பேரைத் தொட முடியும்? பல கைகளைப் பழக்கிய கையே பெரிய கை.

இனி, நாமே காயப்பட்டுக் கிடந்த நாளை நினைப்போம். 2004 டிசம்பர் 26. ஞாயிறு காலை. கிறிஸ்துமஸ் குடில்கள் கலையாத வேளையில் கடல் உள்ளே வந்தது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் வரை நம் கரையில் படகும் வலையும் உயிரும் போயின. அந்த வாரங்களில் எத்தனை மருத்துவக் குழுக்கள் வந்தன! உள்நாட்டிலிருந்தும் வந்தார்கள், வெளிநாடுகளிலிருந்தும் வந்தார்கள். அவர்கள் அன்பை நாம் மறக்க மாட்டோம். ஆயினும் உண்மையையும் சொல்ல வேண்டும். சாலையோரக் குப்பத்திற்கு ஒரே நாளில் மூன்று குழு வரும். உள்ளே தள்ளியிருந்த குப்பத்திற்கு ஒரு குழுவும் வராது. காலையில் ஒருவர் கொடுத்த மாத்திரையை மாலையில் இன்னொருவர் நிறுத்தச் சொல்வார். எழுதி வைத்த சீட்டும் கிடையாது. சர்க்கரை நோய்க்குப் பத்து நாள் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார்கள். பதினோராம் நாள் அந்தப் பாட்டி யாரைக் கேட்பாள்?

இது நம் கரையில் மட்டும் நடந்ததல்ல. இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்திற்கு அப்போது 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. அதில் பெரும்பகுதி அங்குள்ளவர்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் பெயரெழுதப்பட்டிருந்தது. காலாவதியானவையும் உண்டு. அவற்றை அழிப்பதே பெருஞ்செலவாயிற்று. நன்கொடை மருந்து வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டாவது பயன்படக் காலம் மீதமிருக்க வேண்டும், அங்குள்ள மருத்துவப் பணியாளருக்குப் புரியும் மொழியில் விவரம் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் விதி வகுத்திருப்பது இதனால்தான்.

அதே நாட்களில் வேறுவகையானவர்களும் வந்தார்கள். வந்தவுடன் ஊசியை எடுக்காமல், ஊர்ச் செவிலியர் யார், ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே என்று விசாரித்தார்கள். கணவனையும் பிள்ளையையும் பறிகொடுத்துப் பேச்சற்றுப் போன பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார எப்படி என்று நம் கன்னியருக்கும் இளம் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் ஊருக்குத் திரும்பிப் பல மாதங்கள் ஆன பிறகும் நம் பெண்கள் அந்தத் திண்ணைகளில் போய் உட்கார்ந்தார்கள். மருந்துப் பெட்டியோடு வந்தவர்களில் பலரை நாம் மறந்துவிட்டோம். சொல்லிக் கொடுத்தவர்களை இன்னும் பெயர் சொல்லி நினைக்கிறோம்.

மாமல்லபுரத்திற்கு நாள்தோறும் அன்னியர் வருகிறார்கள். ஐந்து ரதம் பார்க்கிறார்கள், கடற்கரைக் கோயில் பார்க்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள், மாலையில் பேருந்து ஏறிவிடுகிறார்கள். கல்லைப் பார்க்க அது போதும். மனிதரைப் பார்க்க அது போதாது. நம் பிள்ளைகள் சுற்றுலாக்காரரைப் போல் போய், கறுத்த குழந்தையைத் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தால், பங்கின் பணமும் போயிற்று, அந்தக் குழந்தையின் மானமும் போயிற்று.

"தனக்கு மிஞ்சித்தான் தானம்" என்ற பெரியவருக்கு இனி நேராகப் பதில் சொல்வோம். ஐயா, நீங்கள் சொல்வது அனுபவ வார்த்தை. ஆனால் 1955ல் பெல்ஜியம் மக்கள் இரண்டாம் உலகப் போரில் அன்னியப் படைகளின் காலடியில் கிடந்து எழுந்து பத்தாண்டுகளே ஆகியிருந்தன. அவர்களும் மிஞ்சட்டும் என்று காத்திருந்தால், போளம்பாக்கத்து மரத்தடியில் வண்டி நின்றிருக்காது. காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட கைம்பெண்ணை ஆண்டவர் புகழ்ந்தது, அவளுக்கு மிஞ்சியிருந்ததற்காக அல்ல.

ஆனாலும் உங்கள் கேள்வியில் பாதி நியாயம் நிலைத்து நிற்கிறது. வீட்டு வாசலில் கிடப்பவரைத் தாண்டிக் கடல் கடப்பது பக்தியல்ல. தொழுநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005ஆம் ஆண்டு முடிவில், பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே நம் நாடு அதைக் குறைத்துவிட்டது. அதனால் ஒழிந்துவிட்டது என்று நினைத்து விட்டோம். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொழுநோயாளரில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் நம் நாட்டவரே. உணர்ச்சியற்ற தேமல் கண்டால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 6 மாதமோ 12 மாதமோ மருந்து, இலவசம், முழுக் குணம். இதை நம் குப்பத்தில் எத்தனை பேர் அறிவார்கள்?

ஆகவே நாம் பங்குப்பேரவையின் முன் வைக்கும் நிபந்தனைகள் இவை.

முதலாவது, போக விரும்புகிறவர் எவரும் அத்தனை நாள் சேவையை முதலில் நம் கரையோரக் குப்பங்களில் செய்திருக்க வேண்டும். இங்கே பாட்டியின் புண்ணைக் கழுவ மனமில்லாதவருக்கு அங்கே வேலையில்லை.

இரண்டாவது, அழைப்பு அங்கிருந்து வர வேண்டும். எங்களுக்கு என்ன தேவை என்று அந்த அருட்சகோதரிகள் எழுத வேண்டும். நமக்கு என்ன தெரியும் என்று நாம் எழுதுவது அதற்குப் பிறகு.

மூன்றாவது, அந்த நாட்டு அரசின் அனுமதி பெற வேண்டும். இங்கே செய்ய உரிமையில்லாத எதையும் அங்கே செய்யக்கூடாது. ஏழையின் உடல் பழகிப் பார்க்கும் இடமல்ல.

நான்காவது, காலையில் மருத்துவம், மாலையில் பயிற்சி. அங்குள்ள இளம் செவிலியருக்கு ஒரு வேலையையாவது முழுமையாகக் கற்றுக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அவர்களிடமிருந்து ஒன்றையாவது கற்றுக்கொண்டு திரும்ப வேண்டும்.

ஐந்தாவது, மருந்தை இங்கிருந்து பெட்டி பெட்டியாகச் சுமக்காமல், பணத்தைக் கொடுத்து அங்கேயே, அவர்கள் தொடர்ந்து வாங்கக்கூடிய மருந்தாக வாங்க வேண்டும். பார்த்த ஒவ்வொரு நோயாளிக்கும் சீட்டு எழுதி, தங்கியிருப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஆறாவது, மாத்திரைக்கு விலையாக மதத்தைக் கேட்கக்கூடாது. ஆண்டவர் குணமாக்கிய பத்துத் தொழுநோயாளரில் ஒன்பது பேர் திரும்பி வரவில்லை. அதற்காக அவர் கொடுத்த சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ஏழாவது, இது ஓராண்டுக் கூத்தாக முடியக்கூடாது. ஐந்தாண்டுகளுக்கு அதே மருத்துவமனை, அதே மக்கள். திரும்பி வந்து கணக்குத் தீர்ப்பேன் என்றாரே சமாரியர், அதுபோல.

இந்த ஏழையும் ஏற்றுக்கொண்டால் போகலாம். ஏற்க முடியாவிட்டால், போகாமலிருப்பதே அந்த நோயாளிகளுக்கு நாம் செய்யும் உபகாரம். பயணச் செலவை அப்படியே அந்தச் சகோதரிகளுக்கு அனுப்பிவிடலாம். இதை ஒளிவின்றிச் சொல்கிறோம். பேரவை நன்கு ஆலோசித்து முடிவு செய்யட்டும்.

இளைஞரே, இரண்டு வாரத்தில் என்ன செய்ய முடியும் என்று கேட்டீரே! தனியே போனால் ஒன்றும் செய்ய முடியாது. தங்கியிருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு போனால், ஒரு பகலில்கூட மடங்கிய விரல் நிமிர வழி பிறக்கும். திருமணி அதற்குச் சாட்சி.

அன்பானவர்களே, ஒரு காலத்தில் நம் மாவட்டம் வழியில் காயப்பட்டுக் கிடந்தது. யார் யாரோ வந்து எண்ணெய் வார்த்தார்கள். பிறகு நம் மக்களே சத்திரக்காரராகி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். இப்போது வழிப்போக்கராகப் புறப்படும் முறை நமக்கு வந்திருக்கிறது. போகிறவர்கள் சிலராக இருக்கலாம். அவர்களை அனுப்பும் சத்திரமாகப் பங்கு முழுவதும் இருக்க வேண்டும். பணம் தர முடியாதவர்கள் செபம் தாருங்கள். செபத்தோடு, போகிறவரின் வீட்டு முதியவரை அந்த இரண்டு வாரம் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் மறைபணியே.

தொழுநோயாளரைத் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவர் இயேசு, நம் கைகளையும் ஆசீர்வதிப்பாராக. நோயுற்றோரின் ஆரோக்கியமான அன்னை மரியா நமக்காகப் பரிந்து பேசுவாராக. ஆமென்.